தரவு மையம் எல்மினாவில். சர்வர் அமைக்கத் தெரிந்தவர் எங்கே?

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டில் இரண்டு பெரிய முதலீட்டு அறிவிப்புகள் வந்தன. மாதத் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் நான்கு ஆண்டுகளில் 220 கோடி அமெரிக்க டாலரை இங்கே செலவிடப் போவதாகச் சொன்னது. மாத இறுதியில் கூகல், 200 கோடி டாலர் முதலீட்டில் தன்னுடைய முதல் மலேசியத் தரவு மையத்தைச் சிலாங்கூரிலுள்ள எல்மினா வர்த்தகப் பூங்காவில் கட்டப் போவதாக அறிவித்தது. அடுத்து, ஆகஸ்டு மாதம் அமேசானின் மேகக் கணிமைப் பிரிவு மலேசியாவிலேயே தன் சேவை மையங்களைத் திறந்தது. 2038க்குள் 620 கோடி டாலர் என்பது அதன் திட்டம்.

எல்மினா நமக்குத் தொலைவான ஊரன்று. சாலை நெரிசல் இல்லாத நாளில் கிள்ளானிலிருந்து காரில் எளிதாகப் போய்வரலாம். நம் வீட்டுப் பக்கத்தில் இவ்வளவு பெரிய கட்டடங்கள் எழும்போது, அவற்றுக்குள் என்ன ஓடுகிறது, அதில் நமக்கு என்ன வேலை என்ற கேள்வி ஒவ்வொரு மாணவருக்கும் வரவேண்டும்.

உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். கூகலின் சர்வர்கள் லினக்ஸில் இயங்குபவை. விண்டோஸை விற்றுப் பெயர் வாங்கிய மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் சேவையிலேயே வாடிக்கையாளர்கள் பயன்படுத்துவதில் பாதிக்கும் மேல் லினக்ஸ்தான். வேலை என்று பார்த்தால், கட்டி முடித்த தரவு மையத்துக்குள் நிரந்தரமாக இருப்பவர்கள் கொஞ்சம் பேர்: காவலர்கள், மின்சாரமும் குளிரூட்டியும் பார்ப்பவர்கள், வன்பொருளை மாற்றுபவர்கள். அந்த இயந்திரங்களை வாடகைக்கு எடுத்து, அவற்றின்மேல் வங்கிச் செயலியும் கடை அகப்பக்கமும் மருத்துவமனைப் பதிவேடும் கட்டுபவர்களுக்குத்தான் வேலை அதிகம். அந்த வேலையின் முதல் படி, லினக்ஸில் ஒரு வெப் சர்வரை அமைத்து, அதில் சர்வர் பக்க ஸ்கிரிப்டை ஓடவைப்பது. இந்தப் படியில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்போம்.

பாடப் புத்தகம் எங்கே நிற்கிறது?

இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் படிவக் கணினி அறிவியலில் இணையம் சார்ந்த நிரலாக்கம் என்ற பகுதி இருக்கிறது. அதில் வாடிக்கையாளர் பக்க ஸ்கிரிப்ட், சர்வர் பக்க ஸ்கிரிப்ட் இரண்டும் வருகின்றன. எஸ்.பி.எம். எழுதும் மாணவர் பிஎச்பி மொழியில் படிவம் ஒன்றைச் செய்து தரவுத்தளத்தோடு இணைக்கிறார். பல நாடுகளின் பள்ளிப் பாடத்தோடு ஒப்பிட்டால் இது குறைவான விஷயமில்லை.

இதைப் படிக்காதவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் ஓர் அம்மா தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் ஆர்டர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் செய்திகள் குவிந்து கணக்குத் தவறுகிறது. அகப்பக்கத்தில் ஒரு படிவம் போட்டால் நல்லது. வாடிக்கையாளர் பெயர், முகவரி, எத்தனை டின் என்று நிரப்பி அனுப்பியதும் கோரிக்கை சர்வருக்குப் போகிறது. அங்கே அப்பாச்சி என்ற மென்பொருள் வாயிற்காவலர்போல் அதை வாங்கி, பிஎச்பியிடம் கொடுக்கிறது. பிஎச்பி விலையைக் கணக்கிட்டு, தரவுத்தளத்தில் எழுதி, நன்றி சொல்லும் பக்கம் ஒன்றைத் தயாரித்துத் திருப்பி அனுப்புகிறது. விலையைக் கணக்கிடும் வேலை வாடிக்கையாளரின் கைப்பேசியில் மட்டும் நடந்தால், கொஞ்சம் விவரம் தெரிந்தவர் 25 ரிங்கிட் டின்னை 2 ரிங்கிட்டாக மாற்றி அனுப்பிவிடலாம். அதனால்தான் நம்பகமான கணக்கு சர்வர் பக்கம் நடக்க வேண்டும்.

பள்ளியிலும் கல்லூரியிலும் இதற்குப் பெரும்பாலும் விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் என்ற தொகுப்பை நிறுவுகிறோம். அப்பாச்சி, பிஎச்பி, மரியாடிபி எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். இரண்டு பொத்தான்களை அழுத்தினால் பச்சை நிறம் வரும், வேலை முடிந்தது. வகுப்பு நேரம் ஒரு மணி என்றால் ஆசிரியருக்கு வேறு வழியும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், எக்ஸாம்ப்பைத் தயாரிப்பவர்களே அதை ஒத்திகைக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்கிறார்கள். உள்ளே வரும் தரவுத்தளத்தின் தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது. வேலையை எளிதாக்க எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்த வீடு அது. அதைப் பார்த்துப் பழகியவர் வெளியுலகச் சர்வரையும் அப்படியே திறந்து வைக்கிறார்.

2024 ஜூனில் இது கண்கூடாகத் தெரிந்தது. தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஆரஞ்ச் சாய், விண்டோஸில் சிஜிஐ முறையில் ஓடும் பிஎச்பியில் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார். காரணம் எழுத்துக் குறியீடு. சொல்லை உடைக்கப் பயன்படும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைகோட்டை, சீன, ஜப்பானிய மொழி அமைப்பிலுள்ள விண்டோஸ் சாதாரண இணைகோடாக மாற்றிவிடும். அந்த ஒற்றைக் கோட்டை வைத்துத் தாக்குபவர் பிஎச்பிக்கே கட்டளையிடலாம். 2012இல் அடைத்த ஓட்டை வேறு வழியில் மறுபடி திறந்துகொண்டது. விண்டோஸில் எக்ஸாம்ப்பை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தாலே ஆபத்து என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். ஜூன் 6ஆம் தேதி திருத்தம் வெளிவந்தது. சில நாள்களிலேயே பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் இந்த வழியில் நுழையத் தொடங்கின. தைவானில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் ஊடுருவியவர்களும் இந்த வழியாகவே வந்திருக்கலாம் என்று சைமன்டெக் நிறுவனம் பின்னர் கூறியது. லினக்ஸில் ஓடிய பிஎச்பிக்கு இந்த ஓட்டையால் பாதிப்பு இல்லை.

இதைப் படித்துவிட்டு லினக்ஸில் ஓட்டையே இராது என்று யாரும் நினைக்க வேண்டாம். லினக்ஸிலும் நிறைய வந்திருக்கின்றன. நான் சொல்ல வருவது, சர்வர் எந்த முறையில் ஓடுகிறது, யாருடைய உரிமையில் ஓடுகிறது என்று தெரியாமல் பச்சைப் பொத்தானை மட்டும் நம்புவது பற்றி.

பழைய மடிக்கணினி போதும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற முடியாத மடிக்கணினிகள் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் துடைத்து எடுத்து டெபியன் அல்லது உபுண்டு போடுங்கள். இரண்டும் இலவசம். திரைச் சூழல் இல்லாத சர்வர் பதிப்புக்கு 4 ஜிபி நினைவகம் தாராளம்.

அப்பாச்சியை நிறுவ ஒரே வரிக் கட்டளை போதும். உலாவியில் அதன் வரவேற்புப் பக்கம் வந்துவிடும். அடுத்துதான் படிப்பு தொடங்குகிறது. பிஎச்பியை நிறுவாமல், அல்லது நிறுவி அப்பாச்சியோடு இணைக்காமல், ஒரு பிஎச்பி கோப்பை வைத்துப் பாருங்கள். நிரல் ஓடாது, அதன் மூலவரிகள் அப்படியே உலாவிக்கு வந்துவிடும். அந்தக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். கடவுச்சொல்லை ஏன் உலாவி எட்டாத வேறு கோப்புறையில் வைக்கச் சொல்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் விளக்காது.

பிஎச்பியை இணைப்பதிலும் வகை உண்டு. பழைய சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய பிஎச்பி தொடங்கி, வேலை முடிந்ததும் செத்துப்போகும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளர் வரும்போதும் புதிதாக ஒரு சமையல்காரரை வேலைக்கு எடுத்து, சோறு போட்டதும் அனுப்பிவிடுவது போல. இன்றைய எஃப்பிஎம் முறையில் நான்கைந்து சமையல்காரர்கள் எப்போதும் தயாராக நிற்பார்கள். மதியக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று நீங்கள்தான் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். அதிகம் எழுதினால் நினைவகம் தீரும், குறைத்தால் வரிசை நீளும்.

விண்டோஸில் ஓடிய அதே படிவத்தை இங்கே கொண்டுவந்தால் அநேகமாக முதலில் 404 பிழை வரும். விண்டோஸ் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. அதைச் சரிசெய்தால் அடுத்து 403 வரும். இது அனுமதிப் பிரச்சினை. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று மூன்று எண்கள் சொல்லும். அப்பாச்சி உங்கள் பெயரில் ஓடாது. அதற்கென்று அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கால் உங்கள் கோப்பைப் படிக்க முடியாததால்தான் 403.

இந்த இடத்தில் இணையத்தில் தேடினால் கிடைக்கும் பிரபலமான மருந்து 777. எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடு என்று பொருள். பிழை உடனே மறைந்துவிடும், நண்பர்கள் கைதட்டுவார்கள். முறுக்கு அம்மாவின் படிவத்துக்குத் திரும்புவோம். வாடிக்கையாளர் வங்கியில் பணம் போட்ட ரசீதைப் படமாக ஏற்றச் சொல்கிறோம். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஏற்றும் கோப்புறைக்கு 777 கொடுத்து, அதை வெப் சர்வரின் பொதுக் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிட்டோம். ஒருவர் ரசீதுக்குப் பதிலாக ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றி, அதன் முகவரியை உலாவியில் திறக்கிறார். அவ்வளவுதான், அவருடைய நிரல் நம் சர்வரில் ஓடுகிறது. பொதுவாகக் கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 போதும். ஏற்றும் இடம் பொதுக் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும், அங்கே எந்த ஸ்கிரிப்டும் ஓடக்கூடாது. 403 பிழையோடு ஒரு மாலை முழுக்கப் போராடியவருக்கு இது மறக்காது. எக்ஸாம்ப்பில் இந்தப் போராட்டமே நடப்பதில்லை.

24 பைட் முறுக்கு

தமிழ் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் படிவம் செய்தால் இதைப் பார்க்கவே மாட்டீர்கள். முறுக்கு என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்துகள். யூனிகோடு கணக்கில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் எட்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் மொத்தம் 24 பைட். பிஎச்பியின் சாதாரண நீளக் கட்டளை 24 என்றே சொல்லும். பெயர் 20க்குள் இருக்க வேண்டும் என்று அந்தக் கட்டளையை வைத்துக் கட்டுப்பாடு போட்டால், நான்கே எழுத்துள்ள முறுக்கு உள்ளே நுழையாது. 20இல் வெட்டினால் எழுத்து நடுவில் உடைந்து கட்டமோ கேள்விக்குறியோ தெரியும். பல பைட் எழுத்துகளுக்கென்று பிஎச்பியில் தனிக் கட்டளைகள் உண்டு. பெரும்பாலான பாடக் குறிப்புகளில் அவை இல்லை.

தரவுத்தளத்தில் இன்னும் மோசம். மைஎஸ்கியூஎல் 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்புவரை இயல்பாக மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியையே வைத்திருந்தது. பழைய ஹோஸ்டிங்கில் அப்படியே விட்ட அட்டவணையில் தமிழ்ப் பெயரை எழுதினால் வெறும் கேள்விக்குறிகள் பதிவாகும். முறுக்கு என்று எழுதினால் எட்டுக் கேள்விக்குறி. அவற்றிலிருந்து மூலச் சொல்லை மீட்க வழியே இல்லை. பிறகு யூடிஎஃப்-8 என்ற பெயரில் அது தந்த தொகுதியும் மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் தப்பியது, ஆனால் கைகூப்பும் இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். வாழ்த்துச் செய்தி அந்த இடத்தோடு அறுந்து போவதைச் சிலர் பார்த்திருக்கலாம்.

இந்த எழுத்துச் சண்டைக்குக் கோலாலம்பூரோடு பழைய உறவு உண்டு. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கியது இங்கேதான். உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் கூடியது. ஒரு கணினியில் தட்டெழுதிய தமிழ் இன்னொரு கணினியில் குப்பையாகத் தெரிந்த காலத்தில், அதற்குத் தீர்வு தேடியவர்களில் நம் ஊர்க்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். இன்று எழுத்துருச் சிக்கல் தீர்ந்துவிட்டது. கைப்பேசியில் தமிழ் அழகாகத் தெரிகிறது. ஆனால் அதே தமிழை ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்பினால் சர்வரில் பத்திரமாக இருக்குமா என்பது அந்தச் சர்வரை அமைத்தவரைப் பொறுத்தது. பல பதிவுப் படிவங்கள் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் கேட்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கசிந்தால் யார் பொறுப்பு?

கணினி படிக்கும் மாணவர்களிடம் உறவினரோ ஆலய நிர்வாகமோ பிரத்தியேக வகுப்பு நடத்துபவரோ வந்து, தம்பி, ஒரு பாரம் போட்டுக் கொடு என்று கேட்பது வழக்கம். இருநூறு முந்நூறு ரிங்கிட்டுக்குச் செய்து கொடுக்கிறோம். தேர்வு வந்ததும் மறந்துவிடுகிறோம். சர்வர் மட்டும் மறக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் பிஎச்பி பழசாகிக்கொண்டே போகிறது. 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் அதே பதிப்பில் ஓடும் அகப்பக்கங்கள் உலகெங்கும் ஏராளம்.

அந்தப் படிவங்களில் நாம் கேட்பவை சாதாரணத் தகவல்கள் அல்ல. மைகாட் எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் ஆணா பெண்ணா என்பது. அதோடு கைப்பேசி எண்ணும் முகவரியும் சேர்ந்தால் மோசடிக்காரனுக்கு வேறொன்றும் தேவையில்லை. 2017இல் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்ததை இந்த நாடு பார்த்தது.

சட்டம் இப்போது இறுகியிருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, 2025இல் படிப்படியாக நடப்புக்கு வந்தது. பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. 2025 ஜூன் 1ஆம் தேதி முதல், பெரும் பாதிப்பை உண்டாக்கும் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். இன்னொரு முக்கிய மாற்றம்: தரவின் சொந்தக்காரராக இல்லாமல் அவருக்காகத் தரவைக் கையாளுபவருக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாக வந்துவிட்டது. கடைக்காரருக்குப் படிவம் செய்து, சர்வரையும் தன் கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மாணவர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்குத்தான் பொருந்தும், அரசாங்கத்துக்குப் பொருந்தாது. முறுக்கு ஆர்டர் இதில் வரும். ஆலயத்தின் இலவசச் சமய வகுப்புப் பதிவு வராமல் போகலாம். ஆனால் பிள்ளைகளின் மைகாட் எண் இரண்டு படிவத்திலும் ஒன்றுதான், வாங்கி விற்பவனுக்கும் வித்தியாசம் கிடையாது.

பெரியவர்களே தடுமாறும் விஷயம் இது. 2025 மார்ச்சில் விமான நிலையங்களை நடத்தும் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டு மிரட்டினார்கள் என்றும் தாம் மறுத்துவிட்டதாகவும் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் சொன்னார். அந்த அளவு நிறுவனத்துக்கே அப்படியென்றால், முறுக்கு அம்மாவின் சர்வரை யார் பார்த்துக்கொள்வது?

அரசாங்கம் இதில் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2004லேயே மாம்பு, பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அமைச்சுகளில் லினக்ஸ் நுழைந்தது. அந்தத் திட்டம் அலுவலகங்களோடு நின்றது. பள்ளிக் கணினிக்கூடத்துக்கு வந்து சேரவில்லை. இப்போது வரும் பயிற்சி அறிவிப்புகளில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல்தான் முன்னால் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் முதலீட்டோடு 2 லட்சம் பேருக்கு அந்தத் துறையில் பயிற்சி என்ற வாக்குறுதியும் வந்தது. வரவேற்கலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கும் பிஎச்பி நிரலும் ஏதாவது ஒரு லினக்ஸ் சர்வரில்தான் ஓட வேண்டும். 403 வந்தால் 777 போடு என்று அது சொன்னால், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. கல்லூரிக் கணினிக் கழகம் ஒன்று ஐந்து பழைய மடிக்கணினிகளைச் சேகரித்து ஒரு பருவம் முழுக்க அவற்றைச் சர்வராக ஓட்டலாம். மதிப்பெண்ணை அமைத்த நாளில் தராமல், மூன்று மாதம் கழித்துப் பார்த்துத் தரலாம்: திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா, காப்புப் பிரதியிலிருந்து தரவுத்தளத்தை மீட்க முடிகிறதா, 90 நாளில் காலாவதியாகும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டதா, தமிழ்ப் பெயர் தமிழாகவே இருக்கிறதா. ஆலயங்களும் சங்கங்களும் படிவம் கேட்டு வரும்போது, செய்து கொடுப்பதோடு யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். பார்க்க ஆளில்லை என்றால், மைகாட் எண்ணைக் கேட்கும் கட்டத்தையாவது படிவத்திலிருந்து எடுத்துவிடலாம்.

வீட்டில் பழகியபின் மாதம் சில பத்து ரிங்கிட்டுக்கு ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்துப் பொது இணையத்தில் வைப்பவர்கள், மறுநாள் காலையில் அதன் நுழைவுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். முகவரியை நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் முன்பின் தெரியாத கணினிகள் தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லை வரிசையாக ஊகித்துப் பார்த்திருக்கும். நீங்கள் நிறுவாத வேர்ட்பிரஸின் நுழைவுப் பக்கத்தையும் கேட்டிருக்கும். கடவுச்சொல் நுழைவை அடைத்துவிட்டுச் சாவிக் கோப்பு முறைக்கு மாறும் கட்டளையை அன்றைக்கே தேடிப் படித்துவிடுவீர்கள்.